பெட்டி எடுக்கும் நேரம்

என் அம்மா செத்தபோது அவளைப் பற்றிப் பேச நான் வைத்திருந்த விஷயம் அரை மணி நேரத்துக்குக் குறையாது. அவள் பிறந்து, வளர்ந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு பதுளைக்கு ரயிலேறும் இடத்துக்கு நான் வந்திருந்தேன். அவள் ரயிலில் ஏறுவதற்குள் மணி அடித்துவிட்டது. ரயில் மணி இல்லை, சைக்கிள் மணி. கூட்டத்தின் முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு குள்ளமான மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் போல என்னைப் பார்த்தார். நான் விடாமல் பேசினேன். பெற்ற தாய்க்காகப் பேசுகிறேன், எவன் என்னை நிறுத்துவது? அவர் இரண்டாம் முறை அடித்தார். உடனே தூக்குகிறவர்கள் நாலு பேர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அம்மாவை நான் கடைசிவரை பதுளைக்குக் கொண்டுவந்து சேர்க்கவே இல்லை. அதற்குள் அவளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் தமிழ் வாத்தியார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பேசிச் சம்பளம் வாங்கினேன், மிச்ச நேரத்தில் மேடைகளில் சும்மா பேசினேன். என்னைப் பாதியில் நிறுத்திய மனிதரை அவ்வளவு லேசில் மன்னித்துவிட முடியுமா? அவருக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தக் கடையில் நான் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. ஒரு வாளி தேவைப்பட்டபோது வேண்டுமென்றே எதிர்க்கடையில் வாங்கி, அவர் கண்ணில் படும்படி தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த வாளி வீட்டுக்குப் போன மறுநாளே ஒழுக ஆரம்பித்தது. சில நாள் கழித்து தபால் கந்தோர் வாசலில் அவரே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன மாஸ்டர், எதிர்க்கடை வாளி எப்படி இருக்கு?”

நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். வாத்தியார் பொய் சொல்லக் கூடாது என்று ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

“உங்க பேச்சு நல்லா இருந்துச்சு மாஸ்டர்” என்றார் அவர். “நல்ல பேச்சுதான் ஆபத்து. அதான் நிப்பாட்டினேன்.”

இது பாராட்டா, பரிகாசமா என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

ஊரில் எல்லோருக்கும் அவர் முதலாளி. நானும் அப்படியே சொல்கிறேன். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலையில் பாத்திர மூட்டையோடு வந்து தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி விற்றவர். அப்பா கடை போட்டார். முதலாளி அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு ஊரைப் பார்த்தார், பார்த்ததில் ஒன்றுகூட அவருக்குத் திருப்தியாக இல்லை. பகலில் எரியும் தெருவிளக்கு, மூடாமல் ஓடும் குழாய், அடைத்துக்கொண்ட சாக்கடைக் கான், பஸ் நிலையத்தில் பூட்டியே கிடக்கும் கழிவறை எல்லாம் அவருடைய சொந்த விவகாரங்கள். பக்கத்துக் கடை வாசல் குப்பையாகக் கிடந்தால் யாரிடமும் முறையிட மாட்டார், தானே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டுவார். கடைக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு ஓடிவரும்வரை கூட்டுவார். நகர சபையில் வேலை செய்கிறவர்கள் அவரைத் தூரத்தில் கண்டாலே ஏதாவதொரு கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். அப்படி நுழைந்து, தேவையில்லாமல் சீப்பு வாங்கிக்கொண்டு போன ஒரு வழுக்கைத் தலையரை எனக்குத் தெரியும்.

சைக்கிள் மணிக்கும் ஒரு கதை உண்டு. வாலிபத்தில் அவர் ஆசைப்பட்டு ஒரு சைக்கிள் வாங்கினார். பதுளையில் சைக்கிள் ஓட்டுவது என்றால் பாதி வழி அது உங்களைச் சுமக்கும், மீதி வழி நீங்கள் அதைச் சுமக்க வேண்டும். கொஞ்ச நாளில் சைக்கிளை விற்றுவிட்டார். வாங்கியவன் மணி வேண்டாம் என்று கழற்றிக் கொடுத்துவிட்டான். அது மேசை இழுப்பறையில் வருடக்கணக்காகக் கிடந்து, அவர் மரணாதார சங்கத்துக்குச் செயலாளரானதும் அவருடைய சட்டைப் பைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பை எப்போதும் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே இருக்கும்.

மரணாதார சங்கம் என்பது எங்கள் ஊர்களில் சாவு வீட்டைத் தூக்கி நிறுத்துகிற சங்கம். யார் வீட்டில் சாவு என்றாலும் கூடாரமும் கதிரையும் ஒலிபெருக்கியும் வந்து இறங்கிவிடும். தெருவின் இரு பக்கமும் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். மற்ற ஊர்களில் அந்தக் கொடிகள் மழையில் நனைந்து பழுப்பேறி, அடுத்த சாவு வரை தொங்கும். எங்கள் ஊரில் மறுநாள் காலை முதலாளியே ஏணி போட்டு ஏறி அவிழ்த்துவிடுவார். துக்கத்துக்கும் ஒரு அளவு வேண்டும் என்பது அவர் கட்சி.

சவப்பெட்டி மூன்றரைக்கு எடுக்க வேண்டும். இது அவர் போட்ட சட்டம். அதற்கு முன் பேச விரும்புகிறவர்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருமுறை மணி அடித்தால் முடித்துக்கொள் என்று அர்த்தம், இரண்டாம் முறை அடித்தால் நீ முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பெட்டி கிளம்பும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பாத்திரக்கடைக்காரர் அதற்கும் ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

பேச்சாளர்கள் படும் வேதனை மற்றவர்களுக்குப் புரியாது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் பெட்டி வாசலைத் தாண்டும்வரை எழுந்து போகமாட்டார்கள். போனால் செத்தவரை மதிக்காமல் போனதாகிவிடும். ஆகவே பேசுகிறவனுக்கு இதைவிட நல்ல சபை உலகத்தில் எங்கேயும் அமையாது. கல்யாண வீட்டில் பந்தி போட்டால் சனம் உங்களைத் தனியே விட்டுவிட்டு ஓடிவிடும். சாவு வீட்டில் ஓட முடியாது. குடும்பத்தார் அழுகிறபோது அந்த அழுகை உங்கள் பேச்சுக்குக் கிடைத்ததாகக்கூட நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு வாய்ப்பை மூன்று நிமிடத்தில் பிடுங்கிக்கொண்ட மனிதரை எத்தனை பேர் உள்ளுக்குள் சபித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒருமுறை ஒரு பெரிய தலைவர் வந்திருந்தார். செத்தவரைப் பற்றி ஒரு வாக்கியம் பேசிவிட்டு, வரப்போகிற தேர்தலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முதலாளி அடித்தார். தலைவர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். மறுபடி அடித்தார். தலைவர் வாயைத் திறந்தபடி நிற்க, பெட்டி அவருக்கு முன்னாலேயே கடந்து போனது. அன்று சாயங்காலம் தலைவரின் ஆட்கள் இரண்டு பேர் கடைக்கு வந்து, மரியாதையாகவே மணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் ஓயா ஆற்றில் வீசினார்கள். நாங்கள் சிலர் அதைக் கேட்டு வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டோம். அடுத்த சாவில் அவர் பையிலிருந்து வேறொரு மணி வந்தது. முன்னதைவிடச் சத்தம் அதிகம்.

வீட்டில் எப்படி இருப்பார் என்று எல்லோரையும் போல எனக்கும் ஆவல் இருந்தது. அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில் அவர்தான் கடையில் உட்காருவார். அதிகம் பேசாத பெண், பேசினால் சிரிக்காமல் பேசுவார். வீட்டில் தான் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் சொன்னால் மனிதருடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும் என்றார் ஒருநாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்.

அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையனை விரும்பினாள். சாதியும் வேறு, ஊரும் வேறு. அப்பாவிடம் சொல்ல வந்தவள், முதல் வார்த்தை வருவதற்குள் அழத் தொடங்கிவிட்டாள். அழுகையும் பேச்சுமாகச் சாப்பாட்டு நேரம் தாண்டியது, விளக்கு வைக்கும் நேரமும் தாண்டியது. முதலாளி அன்று கடைக்குத் திரும்பிப் போகவில்லை. “அந்த மனுசன் ஒரு தடவகூட கடிகாரத்தைத் திரும்பிப் பாக்கல மாஸ்டர்” என்றார் அக்கா. மறு மாதமே பையன் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார். இப்போது அவள் கனடாவில் இருக்கிறாள்.

அப்படியானால் சாவு வீட்டில் மட்டும் இந்த மனிதர் ஏன் இப்படி நெஞ்சில் ஈரமில்லாமல் நடந்துகொள்கிறார்? அந்தக் கேள்விக்குப் பதில் அதே கடையில்தான், பாக்கியத்தின் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது.

பாக்கியம் தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் இருப்பவள். ஒரு காலைச் சற்றே இழுத்து நடப்பாள். ஒருநாள் சோற்றுப் பானை வாங்க வந்து, கடை முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பேச்சுக்குப் பேச்சாகக் காலுக்கு என்ன என்று கேட்டேன். அவள் ஏதோ அண்டை வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். பல வருடங்களுக்கு முன் கடைவீதியில் ஒரு பெரிய வியாபாரி காலமானார். தோட்டத்துச் சனத்துக்கு வேண்டியவர். அன்று கொழுந்து எடுக்கிற பெண்கள் அரைநாள் வேலைக்கான அரைப்பேரோடு மலையிலிருந்து இறங்கி, மீதி அரைநாள் கூலியை விட்டுவிட்டு, துக்கத்துக்கு வந்தார்கள். அவர்கள் திரும்பிப் போக இருப்பது நாலரை பஸ். ஹாலிஎல, தெமோதரை வழியாகத் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் அதுதான். அன்று பேச்சு நீண்டது. பெட்டி எடுக்காமல் இவர்கள் எழுந்திருக்க முடியாது. பெட்டி எடுத்து முடிந்து பஸ் நிலையத்துக்கு ஓடியபோது பஸ் போய்விட்டது. வேறொரு பஸ்ஸில் தெமோதரை வரை போய் இறங்கி, மழையோடும் இருட்டோடும் குறுக்கு வழியில் ஏறினார்கள். பாக்கியம் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. அதற்குப் பிறகு மலையேறிக் கொழுந்து எடுக்க முடியவில்லை. பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள்.

அவ்வளவு நேரம் பேசிய புண்ணியவான் யார் என்று கேட்டேன்.

“இந்த முதலாளிதாங்க. வேற யாரு” என்றாள் பாக்கியம். “என்னா பேச்சுங்கிறீங்க. எனக்கே எந்திரிச்சுப் போக மனசு வரல. அழுது அழுது முந்தானையெல்லாம் நனைஞ்சு போச்சு. மழையில நனைஞ்சது அதுக்கு அப்புறந்தான்.”

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பானைக்குச் சரியான மூடி தேடிக்கொண்டே மீதியைச் சொன்னார். ஒரு காலத்தில், நான் வெளியூர்ப் பள்ளிக்கூடங்களில் இருந்தபோது, முதலாளி பேசுவதைக் கேட்க அடுத்த ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்களாம். பாக்கியத்தைப் பார்க்க அவர் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய் வந்த பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. ஊர்க்காரர்கள் தொண்டையில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டார்கள், அவரும் மறுக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு அவர் மேல் கோபம் போயிற்று என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை, குறைந்தது. மணி அடிக்கிறபோதெல்லாம் இது பாக்கியத்தின் கால் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஆனால் அது என்னுடைய பேச்சின் நடுவே அடிக்கிறபோது மட்டும் அப்படி நினைத்துக்கொள்ள எனக்குச் சிரமமாக இருந்தது.

போன வருடம் முதலாளிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, கொஞ்சம் தேறி, கான் ஒன்று அடைத்திருப்பதாகச் சபைக்குத் தொலைபேசியில் பேசி, அன்றிரவு தூக்கத்திலேயே போய்விட்டார். அந்தக் கான் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அக்காவிடம் அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது இரண்டே விஷயம். மூன்றரைக்கு எடுத்துவிட வேண்டும், யாரும் பேசக் கூடாது.

அக்கா இதைச் சங்கத்தின் உபதலைவரிடம் சொன்னார். உபதலைவர் நகைக்கடை வைத்திருப்பவர், மாலை போட்டுக்கொள்வதற்கென்றே கழுத்தைச் சற்று முன்னால் நீட்டி வைத்திருப்பவர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது அவரோட தன்னடக்கம்க்கா” என்றார். அந்தத் தன்னடக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசாவிட்டால் ஊர் காறித் துப்பும் என்றும் சொன்னார். கோயில் சார்பில் ஒருவர், வர்த்தகர்கள் சார்பில் ஒருவர், பள்ளிக்கூடம் சார்பில் ஒருவர் என்று பேச்சாளர்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். கடைசியில் நான். என்னை யாரும் கேட்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அவர்கள் கேட்காமல் போய்விடுவார்களோ என்று வாசலிலேயே நின்றிருந்தேன்.

தெருவெல்லாம் வெள்ளைக் கொடி. தோட்டங்களிலிருந்து வந்த சனத்துக்குக் கூடாரம் போதாமல் எதிர்ப்பக்கக் கடை வாசல்களிலும் நின்றார்கள். பாக்கியம் ஒரு தூணோரமாகப் பாரத்தை நல்ல காலில் வைத்து நின்றிருந்தாள். கனடாவிலிருக்கும் மூத்தவளால் வர முடியவில்லை. இளையவளின் கணவர் ஒரு கதிரையில் கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தார், அதில் மூத்தவளின் முகம் தெரிந்தது. அங்கே இன்னும் விடியவில்லை. அங்குள்ள மற்ற சொந்தக்காரர்களும் எழுந்து பார்க்கட்டும் என்று கிரியை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பொறுத்தோம். மூன்றரை அப்போதே போய்விட்டது.

உபதலைவர் முதலில் எழுந்தார். முதலாளியின் மணியைச் சனத்துக்குத் தூக்கிக் காட்டி, இந்த மணியும் இனி இவரோடே போகட்டும் என்று சொல்லிப் பெட்டிக்குள் தலைமாட்டில் வைத்தார். கூட்டம் கலங்கியது. அதில் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. நேரத்தின் அருமை என்ற தலைப்பில் நேரம் போவது தெரியாமல் பேசினார். அடுத்தவர் முதலாளி சுருக்கமாகப் பேசச் சொன்னதை விரிவாகச் சொன்னார். மூன்றாமவர் தன்னை அவர் எங்கெங்கே மணியடித்து நிறுத்தினார் என்பதை வீடு வீடாகச் சொல்லி, நிறுத்தப்பட்ட பேச்சுகளையெல்லாம் அங்கேயே முடித்தும் வைத்தார். நாமுனுகுலை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கூடாரத்துக்கு வெளியே நின்றவர்கள் வானத்தைப் பார்ப்பதும் பெட்டியைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பஸ் நிலையம் நாலு தெரு தள்ளி. ஒருவரும் அசையவில்லை.

நான் எழுந்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. உண்மையாகவே இரண்டு வார்த்தையில் முடித்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். ஆனால் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? ஒலிவாங்கி கைக்கு வந்தது, முன்னால் அத்தனை முகங்கள். மற்றவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. அவர் ஏன் மணி அடித்தார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பெயர் சொல்லாமல் பாக்கியத்தின் கதையைத் தொடங்கினேன். மலையிலிருந்து அவர்கள் இறங்கி வந்ததையும், பேச்சு நீண்டதையும், பஸ் போய்விட்டதையும், மழையையும், இருட்டையும், வழுக்குப் பாதையையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உபதலைவர் அழுதார். பெண்கள் பக்கமிருந்து விம்மல் கேட்டது. என் வாழ்நாளில் நான் அதைவிட நன்றாகப் பேசியதில்லை. தோட்டத்துச் சனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதன் தன் குரலையே விட்டுக்கொடுத்தான் என்றேன். “அந்த மனிதன் ஒருநாளும்…” என்று அடுத்த வாக்கியத்தை எடுத்தேன்.

கிணிங்.

பெட்டிப் பக்கமிருந்து வந்தது அந்தச் சத்தம். ஒரு கிழவர் கும்பிட்டே விட்டார். மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அக்கா தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, கையில் மணி இருந்தது.

“மாஸ்டர், நாலரை பஸ் போயிரும்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. காக்கிச் சட்டையோடு, கையில் ஒரு மாலையோடு எட்டிப் பார்த்தது யாரென்றால் நாலரை பஸ்ஸின் சாரதி. அவன் பக்கத்தில் நடத்துனரும் நின்றான். நிலையத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் துக்கத்துக்கு வந்திருந்தார்கள்.

“அக்கா, நான் இங்கதான் இருக்கேன். நான் இல்லாம பஸ் எங்க போகும்? மாஸ்டர் பேசி முடிக்கட்டும்.”

மறைப்பானேன், எனக்கு உயிர் வந்தது. ஒலிவாங்கியை மறுபடி வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். தோட்டத்துச் சனத்தின் முகத்திலும் ஒரு ஆறுதல். அக்கா மட்டும் அந்தச் சாரதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப ஹாலிஎலயில நிக்கிற சனம்?” என்று கேட்டார்.

ஹாலிஎல பஸ் ஹோல்ட்டிலும், அதைத் தாண்டி வழி நெடுகவும், எங்களையும் முதலாளியையும் அறியாத எத்தனையோ பேர் குடையும் பையும் பிள்ளையுமாக அந்த பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பார்கள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பாக்கியத்தின் கதையை அவ்வளவு உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

அக்கா இரண்டாம் முறை அடித்தார்.

தூக்குகிறவர்கள் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். இளையவள் ஓடிவந்து அப்பாவின் காலைத் தொட்டாள். கதிரையிலிருந்த கைத்தொலைபேசியில் மூத்தவள் அழும் சத்தம் கேட்டது. அக்கா அதைக் கையில் எடுத்து, பெட்டி வாசலைத் தாண்டும்வரை மகளின் முகத்தை அதன் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டி தாண்டியதுதான் தாமதம், சாரதி மாலையை அதன் மேல் வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தான். பின்னால் நடத்துனர், அவனுக்குப் பின்னால் தோட்டத்துச் சனம். பாக்கியத்தை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் அழுதுகொண்டேதான் போனாள், ஆனால் போனாள்.

நாங்கள் மயானத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மழை பிடித்தது. பஸ் அதற்குள் ஹாலிஎலயைத் தாண்டியிருக்கும். ஒரு தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் ஒண்டி நின்றோம். என்னுடைய அந்த வாக்கியம் பாதியில் நிற்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மனிதன் ஒருநாளும் என்ன செய்ததில்லை என்று சொல்ல வந்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இவ்வளவு நாளும் அவர் என்னைப் பேசவிடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். இனி என்னை நிறுத்த அவர் இல்லை என்பதை அங்கே நின்றபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா மணியைத் திரும்ப வைத்திருப்பார் என்ற எண்ணத்தில், கொள்ளி வைப்பதற்கு முன் உபதலைவர் பெட்டிக்குள் குனிந்து தேடினார். தலைமாட்டில் மணி இல்லை. வழியில் விழுந்துவிட்டதா, யாராவது எடுத்தார்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடமும் வந்து கேட்டார். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குள் போனதை நான் பார்த்திருந்தேன். ஆனாலும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். தெரியும் என்று சொல்லியிருந்தால், அந்த மழையில் அதைப் பற்றியும் அவர் பேச ஆரம்பித்திருப்பார்.